பரனல் மலையில், நான்கு சின்னக் கூண்டுகளைத் தேடி

சிலியின் அந்தோஃபகாஸ்தாவிலிருந்து தெற்கே சுமார் இரண்டு மணி நேரம். வழி நெடுக ஒரு புல்கூட இல்லை, அட்டகாமா பாலைவனம். பரனல் வான்காணகம் இருப்பது 2,635 மீட்டர் உயரத்தில். பார்வையாளர்களுக்குச் சனிக்கிழமை அனுமதி உண்டு, முன்பதிவு செய்ய வேண்டும்.

எல்லோரும் 8.2 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் ஸ்பெகுலூஸ் என்ற சிறு தொலைநோக்கித் தொகுதி எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். தூரத்தில் தெரிந்த சின்னக் கூண்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஆடி வெறும் 1 மீட்டர்தான். ஒன்றையொன்று மறைக்கும் ஒரு பழுப்புக் குள்ளன் ஜோடியைப் பிடித்தவை அவை; அவற்றுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பழுப்புக் குள்ளன் என்பது விண்மீனாக எடை போதாத பொருள். பிறந்த நாள் முதல் ஆறிக்கொண்டே போகும். அதனால் எடை கூடிய கிழமும் எடை குறைந்த இளசும் ஒரே மங்கலில் தெரியும். ஒளியை மட்டும் வைத்து எது எதுவென்று சொல்ல முடியாது. இரண்டு குள்ளர்கள் ஒன்றையொன்று சுற்றி, நம் பார்வைக்கு ஒன்று மற்றதை மறைத்தால்தான் விடிவு. மறைப்பின் ஆழமும் நேரமும் அளவைச் சொல்லும். ஒளியைப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வது வேகத்தையும், அதன் வழியே எடையையும் சொல்லும்.

இந்தக் கூண்டுகளில் பிடிபட்ட ஜோடி 21 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. மறைப்பு சுமார் 90 நிமிடம். அதைச் சின்னக் கண் கவனித்தது; எடை போட இதே மலையின் பெரிய தொலைநோக்கியும் ஹவாயின் கெக் தொலைநோக்கியும் உதவின. ஒவ்வொன்றும் வியாழன் கோளைப் போல ஏறக்குறைய 40 மடங்கு எடை. முடிவு வெளியானது 2020இல். அந்த ஜோடி சேர்ந்த, ஒன்றாகப் பிறந்த விண்மீன் கூட்டத்தின் வயது சுமார் 4.5 கோடி ஆண்டு. எடையும் வயதும் சேர்ந்து கிடைப்பது எவ்வளவு அபூர்வம்!

இருட்டுமுன் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும். திரும்பும் வழியில் வண்டியை ஓரங்கட்டிக் காத்திருந்தேன். வேடன் உருவ விண்மீன் தொகுதியான ஓரியன் தலைகீழாக எழுந்தது, வாள் இடைவாருக்கு மேலே. அந்த வாளில் உள்ள நெபுலா என்ற வாயு மேகத்தின் பக்கம்தான், சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில், 2006இல் அறிவிக்கப்பட்ட, ஒன்றையொன்று மறைக்கும் முதல் பழுப்புக் குள்ளன் ஜோடி. எடை 57 வியாழன், 36 வியாழன். வயது பத்து லட்சம் ஆண்டுதான் என்பதால் இன்னும் உப்பலாக இருக்கின்றன. பெரியதன் ஆரம் சூரியனில் 0.67 பங்கு. ஆனால் எடை கூடியதுதான் குளிர்ந்திருக்கிறது! கணக்குகள் சொன்னது நேர்மாறாக. அதன் வலுவான காந்தப்புலம் உள்ளிருந்து வெப்பம் மேலே வருவதைத் தடுக்கிறது என்ற விளக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த ஜோடி ஒருமுறை சுற்ற 9.78 நாள். கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தும், இன்று எது எதை மறைக்கிறதோ என்று அந்த வாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.