மங்கும் கிண்ணமும்

சிங்கப்பூரில் வெளிவந்த பழைய தமிழ் இதழ்களை மின்வடிவத்துக்கு மாற்றும் பணியில் மெய்ப்புப் பார்ப்பவனாகச் சில ஆண்டுகள் இருந்தேன். வருடி எடுத்த பக்கத்தை எழுத்துணரி மென்பொருள் படித்துக் கொடுக்கும். அது தவறாகப் படித்ததை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது என் வேலை. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டிலும் இங்கே 1983ஆம் ஆண்டிலும் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய அச்சில் துதிக்கை முளைத்த லையும் னையும், கால் இல்லாமல் சுழிந்து நிற்கும் றாவும் னாவும் வரும் இடங்களிலெல்லாம் மென்பொருள் தடுமாறும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு பிழைகளைத் திருத்திப் பழகிய கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் பிழையாகவே தெரியத் தொடங்கிவிடும் என்பதை அப்போது நான் உணர்ந்திருக்கவில்லை.

1970களின் பிற்பகுதியில் ஒரு கல்லூரியின் தமிழ் மாணவர்கள் கொண்டுவந்த இலக்கிய இதழ் ஒன்று என் மேசைக்கு வந்தது. கம்பிகள் துருவேறித் தாளில் பழுப்புக் கறையை விட்டிருந்தன. மரபுக் கவிதைகளுக்கும் தமிழ்ப்பற்றுக் கட்டுரைகளுக்கும் நடுவே, புனைபெயரில் எழுதப்பட்ட சிறு பாட்டு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரி அடுத்தடுத்து இருமுறை அச்சாகியிருந்தது. அதே இதழில் வேறொரு கட்டுரையின் பத்தி ஒன்றும் இப்படி இரட்டித்திருந்ததால், இதுவும் அச்சுக்கோப்பவரின் கைத்தவறு என்று முடிவு செய்து, தட்டெழுத்துப் படியில் ஒரு வரியை நீக்கிவிட்டேன். மேலதிகாரியிடம் கேட்கவில்லை, குறிப்பும் எழுதி வைக்கவில்லை.

பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டுகள் நீடிப்பதால், பொதுப் பார்வைக்கு வைக்குமுன் எழுதியவரிடம் இசைவு பெற வேண்டும். புனைபெயருக்கு உரியவர், இன்று கோயில் விழாக்களிலும் சமூக மன்றங்களிலும் உறுமியோடு பாடும் நாட்டுப்புறப் பாடகர் என்று கண்டுபிடிக்கப் பல வாரங்கள் ஆயின. தேக்கா நிலையத்துக் கோப்பிக்கடையில் அவரைச் சந்தித்து, திருத்திய படியை நீட்டினேன். அவர் ஒருமுறை படித்தார். பிறகு மேசையில் விரலால் தட்டியபடி மெல்லிய குரலில் பாடினார். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டார்.

“இங்க ஒரு வரி விழுந்திருக்கே, தம்பி. ஒரு தடவ நான் பாடுறது, மறு தடவ கூட்டம் வாங்கிப் பாடுறது.”

என் கைவேலைதான் அது என்று ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அச்சில் வந்ததே பாதிப் பாட்டுதான் என்று சொல்லிச் சிரித்தார். அவர் தாயார் ஜோகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, போகும்போது தாயார் முனகிய மெட்டுக்குத்தான், பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்த இவர் சொல் கட்டியிருக்கிறார். இவர் எழுதிக் கொடுத்தது இது:

மங்குக்குள்ள பாலு சொட்ட
மனசுக்குள்ள மழை சொட்ட

இதழில் அச்சானது இது:

கிண்ணத்தில் பால்சொட்ட
மனத்துக்குள் மழைசொட்ட

தோட்டத்தில் மரத்தோடு கட்டும் பால் கிண்ணத்துக்கு மங்கு என்றே பெயர். இதழுக்குப் பொறுப்பாக இருந்த ஆசிரியர் அதைக் கொச்சை என்று கருதி மாற்றியிருக்கிறார். மங்கு போனதும் மனசோடு இருந்த மோனை போயிற்று. ‘உள்ள’ என்ற இழுப்பு போனதும் தாளம் போயிற்று. மழை என்ற சொல்லை மட்டும் அவர் தொடவில்லை, ஆனால் அதன் பொருள் அவருக்கு எட்டியிருக்குமா என்பது எனக்கு ஐயமே. மழையில் மரம் நனைந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்குக்கு இறங்காமல் பட்டையெங்கும் பரவி வழிந்துவிடும். அன்று வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் வருமானமும் இல்லை. படிப்பறையில் இருந்து பார்ப்பவருக்குக் குளிர்ச்சியாகத் தோன்றும் அந்த வரி, பாடிய பெண்ணுக்கு அச்சத்தின் வரி.

அந்த ஆசிரியர்மீது எனக்கு முதலில் வந்த எரிச்சல் நெடுநேரம் நிலைக்கவில்லை. தமிழ் படிக்கும் மாணவர்கள் செம்மையாக எழுத வேண்டும் என்ற அக்கறையில்தான் அவர் சொற்களை மாற்றினார். நானோ எந்த அக்கறையும் இன்றி, வெறும் பழக்கத்தால் ஒரு வரியை எடுத்தேன்.

எனக்கு மிஞ்சியது அலுவலகச் சிக்கல். பட்டியலில் ‘முதல் வெளியீடு’ என்றொரு கட்டம் உண்டு. கனடாவின் பாடகர் லெனார்ட் கோஹனை எடுத்துக்கொண்டால் அதை நிரப்புவது எளிது: 1956இல் மெக்கில் பல்கலைக்கழகக் கவிதை வரிசையில் முதல் நூலை வெளியிட்ட கவிஞர் அவர், அவரது ‘சூசன்’ என்ற பாட்டு 1966இல் கவிதையாக அவரது நூலில் வந்தது, 1967இல் அவர் குரலில் இசைத்தட்டில் வந்தது. அவர் தாளில் தொடங்கிப் பாட்டுக்குப் போனவர். நம்மவருடையதோ காட்டில் தொடங்கி, தாளில் சற்று நேரம் தங்கி, மறுபடியும் வாய்க்கே திரும்பிவிட்ட பாட்டு. கல்லூரி இதழை ‘முதல்’ என்று எழுதினால் சட்டப்படி சரி. அவர் தாயாரின் முனகலுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மூத்த சக ஊழியர் ஒருவர் வழி காட்டினார். சிங்கைநேசன் இதழ் இங்கே தொடங்கிய அதே 1887ஆம் ஆண்டில் உ.வே.சாமிநாதையர் அங்கே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடுகள் வேறுபட்ட இடங்களில் பாடபேதங்களைக் குறித்துக் காட்டும் வழக்கம் அவர் பதிப்புகளில் உண்டு. “எட்டு வரிப் பாட்டுக்கும் அதைச் செய்யலாமே, யார் தடுத்தார்?” என்றார் அவர்.

செய்தோம். அச்சுவடிவத்தை உள்ளது உள்ளபடி வைத்து, பாடும் வடிவத்தைக் குறிப்புக் கட்டத்தில் சேர்த்தோம். ஆசிரியரின் திருத்தத்தை மாற்ற வேண்டாம் என்று பாடகரே சொல்லிவிட்டார்: “வாத்தியாரு போட்ட சொல்லு அப்படியே இருக்கட்டும். நீங்க எடுத்த வரிய மட்டும் திரும்ப வச்சிடுங்க, தம்பி.” வைத்தேன்.

அன்று மாலையே அந்த இதழின் இரட்டித்த பத்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அது அச்சுக்கோப்பவரின் தவறுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன்; எழுதியவர் இன்னும் கிடைக்கவில்லை.