தமுக்கத்தில் வேப்பம்பூ

சித்திரைத் திருவிழாவுக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பதற்காக அம்மாவை மேலூரிலிருந்து மதுரைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். மனுவைக் கொடுத்து வெளியே வந்தபோது உச்சிவெயில். இரைச்சலிலும் புகையிலும் சோர்ந்திருந்த அம்மாவை உடனே பேருந்தில் ஏற்ற மனமில்லாமல், அருகிலிருந்த காந்தி அருங்காட்சியக வளாகத்துக்குக் கூட்டிச் சென்றேன்.

ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் அமைந்த இந்த அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்து வைத்தார். காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த, குருதி படிந்த துணியின் பகுதி இங்கேதான் இருக்கிறது. மேலாடையைத் துறந்து அரையாடைக்கு அவர் மாறியதும் இதே மதுரையில், 1921 செப்டம்பர் 22 அன்று, மேலமாசி வீதி வீடொன்றில்தான். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்த அம்மா, கண்ணாடிக்குள் இருந்த துணியின் நெசவையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் பேசவில்லை.

வெளியே வந்து மரத்தடியில் அமர்ந்தோம். எங்களைப் போலவே மனுவோடு வந்திருந்த ஒரு குடும்பம் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றைப் பகிர்ந்து உண்டுகொண்டிருந்தது. அவர்களை யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. சாலை ஓசை கூப்பிடு தூரத்தில் இருந்தும், கிளியின் கீச்சொலி தெளிவாகக் கேட்டது. அரண்மனையின் எழிலைவிட, வெளியூர்க்காரர்கள் கேள்வி கேட்பாரின்றி உட்கார இடம் தரும் இந்த நிழலைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூட்டிய மண்தரையில் வேப்பம்பூ பொரியைப் போல உதிர்ந்து கிடந்தது. அம்மா துண்டை விரித்து, காம்பையும் சருகையும் விலக்கி, பூவை மட்டும் இரு கைகளாலும் அள்ளத் தொடங்கினார். விளக்குமாற்றோடு வந்த பணியாளரைக் கண்டதும் தயங்கிக் கையை எடுத்தார்.

“அள்ளிக்கங்கம்மா, எப்படியும் கூட்டத்தான் போறேன்,” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் எங்கள் மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்தடிக்கு நகர்ந்தார்.

பளபளக்கும் தளக்கற்களைப் பதித்து இந்தத் தரையை யாரும் மூடிவிடக் கூடாது என்று அப்போது மிகவும் விரும்பினேன். மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறியதும், மடியிலிருந்த துண்டு முடிச்சை அம்மா சற்றே தளர்த்திவிட்டார்; பூ புழுங்கிவிடக் கூடாதாம். மேலூர் வரும்வரை இருக்கையைச் சுற்றி அந்த மணம் இருந்தது.