உம்பளச்சேரிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

காளையின் பால் வளத்தைக் காளையிடம் அளக்க முடியாது. அதன் மகள்கள் வளர்ந்து, கன்று ஈன்று, கறந்து பார்த்தால்தான் தெரியும். அதற்குள் ஐந்தாறு வருடம் ஓடிவிடும். மரபணுத் தேர்வு அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறது. 2001-இல் மூவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டிய வழி. கன்றின் முடி வேரிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஏற்கெனவே பாலும் டிஎன்ஏவும் பார்த்துப் பதிந்து வைத்த மாடுகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுகிறார்கள். 2009 முதல் அமெரிக்காவின் ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்துக்கு இது அதிகாரபூர்வக் கணக்கு.

ஆனால் அப்படி அளந்த மாடுகள் இல்லாமல் இது ஓடாது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நாட்டு மாட்டினம் உம்பளச்சேரி: செவலையாகப் பிறந்து சில மாதத்தில் சாம்பலாகும் கன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, சேற்றுழவுக்கென்றே வந்த மாடு. ஹோல்ஸ்டீன் கணக்கை அப்படியே இதற்குப் போட முடியாது; இதற்கென்று அளந்த கணக்கு வேண்டும். மாடு வைத்திருக்கும் டெல்டா சொந்தங்களே, கறவை, ஈற்று, நோய் எல்லாவற்றையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், ப்ளீஸ்.