கிரீன் லேன் தோரணவாயிலை அளந்த அனுபவம்

கட்டடப் பாதுகாப்புப் படிப்பில் எங்களுக்கு வந்த ஒப்படைப்பு: அரசின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள ஒரு பழைய கட்டடத்தை அளந்து, வரைந்து, வரலாற்றோடு சேர்த்து ஆவணமாக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் பலர் தேவாலயங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஷேல்ஸ்மூர் பகுதியில் இருக்கும் கிரீன் லேன் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையின் வாசல். இதே மாதிரி வேலை தலையில் விழும் மாணவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1795-ல் தொடங்கிய தொழிற்சாலை அது. வீடுகளின் கணப்படுப்புகளுக்கு அலங்கார இரும்புச் சட்டங்கள் செய்தார்கள். வாசல் மிகவும் பிந்தியது, 1860. அப்போது தொழில் ஹென்றி ஹூலின் கையில் இருந்தது. ரோமானியர்களின் வெற்றித் தோரணத்தைப் போல நடுவில் வளைவு, மேலே கடிகாரக் கோபுரம், அதன் தலையில் ஒரு சிறு குவிமாடம். வளைவின் இருபுறமும் வெண்கல நிறத்தில் புடைப்புச் சிற்பங்கள்: ஒன்று கிரேக்கர்களின் கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸ், இன்னொன்று கைவினைகளின் தெய்வமான அதீனா. அடுப்புச் சட்டம் செய்கிற இடத்துக்கு இவ்வளவு ஆடம்பரமா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

தெருவில் நின்று அளக்கவும் படம் எடுக்கவும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வளைவைத் தாண்டி உள்முற்றத்துக்குப் போகத்தான் அனுமதி வேண்டும். நிர்வாகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல், முகப்பு வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள். அனுமதி வருகிறபோது வரட்டும்.

அளவெடுப்பில் உயிர்நாடி மட்டக்கோடு. லேசர் மட்டத்தை வைத்து இடுப்பு உயரத்தில் முகப்பு முழுக்க ஒரே கிடைக்கோட்டைப் பிடித்துக்கொண்டேன். சுவரில் கோடு கிழிக்கக் கூடாது. எளிதில் உரியும் காகித நாடாவில் குறித்தால் போதும். டேப்பை ஒரு முனையில் பிடித்தபடியே தூண், பிதுக்கம், வளைவின் தொடக்கம் என்று எல்லா அளவுகளையும் தொடர்ச்சியாகப் படிக்க வேண்டும். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டின் மில்லிமீட்டர் பிசகும் கடைசியில் வட்டியோடு வந்து நிற்கும். வளைவுக்கு அதன் அகலமும் உச்சியும் மட்டும் போதாது. தொடக்கக் கோட்டில் சம இடைவெளிகளைக் குறித்து, ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கி உயரம் எடுத்தேன். கல் கொஞ்சம் இறங்கியிருந்தால் அது வரைபடத்தில் தெரியவேண்டும். காம்பஸ் வைத்து அழகான வளைவு போட்டால் அது ஆவணம் ஆகாது. கை எட்டாத கடிகாரக் கோபுரத்தை, தூரத்தில் நின்றே கோணமும் தொலைவும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியில்தான் பிடிக்க முடிந்தது.

சிற்பங்களைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷை மறந்துவிடுங்கள். நேர் வெளிச்சம் புடைப்பைத் தட்டையாக்கிவிடும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்துக்காகக் காத்திருந்து எடுத்த படத்தில்தான் துணி மடிப்புகளின் ஆழம் வந்தது. ஷெஃபீல்டில் வெயிலுக்குக் காத்திருப்பது தனிப் பாடத்திட்டம்.

சிற்பங்களை வடிவமைத்தது யார் என்பதில்தான் பெரிய வாதம் நடந்தது. ஆல்ஃபிரட் ஸ்டீவன்ஸ் என்ற பெயர் உடனே வரும். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் வெலிங்டன் நினைவுச் சின்னத்தை வடித்தவர் அவர். 1850-ல் ஹூல் அவரைத் தலைமை வடிவமைப்பாளராக ஷெஃபீல்டுக்கு அழைத்துவந்தார். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த அடுப்புகள் நிறுவனத்துக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தன. ஆனால் அவர் சீக்கிரமே லண்டன் திரும்பிவிட்டார். வாசல் எழுந்தது 1860-ல். எனவே "அவருடையதாகக் கருதப்படுகிறது" என்றே எழுதினேன். "தெரிந்த பெயர்தானே, தைரியமாகப் போடு" என்றாள் தோழி. எங்கள் ஆசிரியர் என் பக்கம் நின்றார். அதே காரணத்துக்காகத்தான் "வெண்கலச் சிற்பம்" என்று எழுதாமல் "வெண்கல நிறப் பூச்சு" என்று எழுதினேன். கண்ணுக்குத் தெரிவது பூச்சுதான்.

ஆடம்பரம் ஏன் என்பதற்கு விடையும் இங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. கண்காட்சிக்குப் பிறகு ஹூல் விற்றது வெறும் இரும்பை அல்ல. கலைஞன் கைபட்ட இரும்பை. உலைக்கு ஒரு தெய்வம், கலைக்கு ஒரு தெய்வம் என்று இரண்டையும் வாசலில் நிறுத்தியது பக்தியால் இல்லை, வியாபாரத்துக்காக. வாங்க வருகிறவர் பார்ப்பது முகப்பை. வளைவைத் தாண்டினால் பணிமனைகள் சாதாரணச் செங்கல். பணம் எங்கே செலவழிந்திருக்கிறது என்பதை அளந்து வரைந்தபோதுதான் முழுதாக உணர்ந்தேன்: முகப்புத் தாளில் வரைய அத்தனை விளிம்புகள், முற்றத்துத் தாளில் நேர்கோடுகள். மேலே கடிகாரம் இருப்பதும் சும்மா இல்லை. தொழிலாளி நேரத்துக்கு வந்தானா என்று பார்ப்பதற்கும் அதே வாசல்தான்.

இன்னொரு விஷயம் வரைபடத்தில் சேராது, அறிக்கையில் சேர்த்தேன். வாசல் கட்டி நான்கு வருடத்தில், 1864 மார்ச் 11 இரவு, டேல் டைக் அணை உடைந்து டான் நதி வழியாக இதன் அக்கம்பக்கமான நீப்செண்ட், கெல்ஹாம் ஐலண்ட் பகுதிகளிலெல்லாம் வெள்ளம் புகுந்தது. சுமார் 240 பேர் இறந்தார்கள்.

பாதுகாப்புப் பட்டியலில் இந்த வாசலுக்குக் கிரேடு 2 ஸ்டார், அதாவது மூன்று தரங்களில் நடுத்தரம். இங்கிலாந்தின் பட்டியல் கட்டடங்களில் ஏறக்குறைய 6 சதவீதத்துக்குத்தான் அந்தத் தகுதி. பெரும்பாலானவை வெறும் கிரேடு 2. அனுமதி இல்லாமல் இதன் தன்மை கெடும்படி கைவைத்தால் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கட்டடத்தின் சிறப்பு எது என்று விளக்கும் அறிக்கை கட்டாயம். நாங்கள் செய்ததும் அந்த அறிக்கைக்கான பயிற்சிதான். 2010-களில் சுற்றிலும் லிட்டில் கெல்ஹாம் குடியிருப்பு எழுந்தபோது இந்த வாசல் தப்பி நின்றதற்கு இந்தக் காகித வேலிக்கும் பங்கு உண்டு.

சமர்ப்பிக்கும்போது ஒன்று கவனியுங்கள். படங்களை ஜேபெக்கில் மட்டும் கொடுத்தால் ஆவணக் காப்பகத்துக்குப் போதாது. படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பும் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கோல் இருக்கட்டும், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று தரைப்படத்தில் அம்புக்குறி போடுங்கள். என் அறிக்கை திரும்பி வந்தது அந்த அம்புக்குறிகளுக்காகத்தான்.