24 அடிக்குள் ஒரு வீடு

செப்டம்பரில் கிளம்புகிறோம், நான், மனைவி, அம்மா மூவரும், ஒரு வாடகை மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையல், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியில். அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலிருந்து டியோகா என்ற மலைக் கணவாய் ஏறி, மோனோ ஏரிப் பக்கம் இறங்கி, நெவாடாவின் உயர்பாலைவனத்தைக் குறுக்கே கடந்து கிரேட் பேசின் தேசியப் பூங்கா வரை போவதாகத் திட்டம். மூன்று வாரமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் வரைபடம்தான்.

முதலில் 25 அடி வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். பின்னால் தனிப் படுக்கையறை, அம்மாவுக்கு வசதி. அப்புறம்தான் பூங்காவின் விதி கண்ணில் பட்டது. வீலர் சிகரத்துக்கு ஏறும் 12 மைல் சாலையில், மேல் லேமன் கிரீக் முகாமைத் தாண்டி 24 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நாங்கள் இவ்வளவு தூரம் போவதே அந்தச் சாலை முடிகிற இடத்திலிருந்து நடந்துபோய்ப் பார்க்கிற பிரிசில்கோன் பைன் மரங்களுக்காக. 1964-இல் அதே மலையில் ஓர் ஆராய்ச்சி மாணவர் அனுமதி வாங்கி அப்படி ஒரு மரத்தை வெட்டினார்; வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணியபோது 4,800-க்கு மேல் வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மிச்சம் இருக்கிறதையாவது பார்த்துட்டு வந்துடணும்டா" என்றார்.

அதனால் சின்ன வண்டிக்கு மாறிவிட்டோம். இதில் ஒன்று கவனியுங்கள்: மாடல் பெயரில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள், முன் பம்பரிலிருந்து பின்னால் இருக்கிற ஏணி வரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். பெயரில் 22 என்று போட்டிருந்த வண்டி, அளந்தபோது 23 அடி 4 அங்குலம். நல்லவேளை, உள்ளே அடங்கிவிட்டது.

டியோகா கணவாயின் உயரம் 9,943 அடி. பனிக்காக வழக்கமாக நவம்பரில் மூடினால் மே கடைசியிலோ ஜூனிலோதான் திறப்பார்கள், அதனால்தான் செப்டம்பர். ஏறுவதைவிட எனக்கு இறங்குவதுதான் கவலை, ஏனென்றால் கிழக்கே, மோனோ ஏரிப் பக்கம் இருக்கிற லீ வைனிங் ஊர் வரை 12 மைலுக்குள் 3,000 அடிக்கு மேல் இறக்கம். போன பயணத்தில் இதைவிடச் சின்ன இறக்கத்திலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்து, கருகிய வாடை வண்டிக்குள் வந்தபிறகுதான் ஓரம் கட்டினேன். ஏறின கியரிலேயே இறங்கணும் என்று லாரிக்காரர்கள் சொல்வது இந்த எடைக்கு அப்படியே பொருந்தும்.

மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்றைச் நாங்கள் ஏறி இறங்கும் சியெரா நெவாடா மலைத்தொடர் தடுத்து மழையைத் தன் பக்கமே வாங்கிக்கொள்வதால்தான் கிழக்கே நெவாடா பக்கம் பாலை. மலைத்தொடர் ஒன்று, பள்ளத்தாக்கு ஒன்று என்று மாறிமாறி வரும். அங்கே 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் டோனோபாவிலிருந்து ஈலி வரை 168 மைல், நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. டோனோபாவில் டேங்க் முக்கால்வாசி இருந்தாலும் நிரப்பிவிட்டுத்தான் கிளம்புவேன்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கப் போகிறோம். நல்ல தண்ணீர் தீர்ந்துவிடுமே என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் பெரும்பாலும் முதலில் பிரச்சினை செய்வது குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் தொட்டி. போன தடவை இரண்டாம் நாள் சாயங்காலம் மனைவி தட்டு கழுவிக்கொண்டிருக்க, சோப்பு நுரையோடு அந்தத் தண்ணீர் குளியலறைத் தரை ஓட்டை வழியாகப் பொங்கி மேலே வந்துவிட்டது. அதனால் இந்த முறை கழிவுநீரைக் கொட்டும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, ராத்திரி தங்கும் இடங்களை அதற்கேற்ப வைத்திருக்கிறோம்.

கிரேட் பேசினில் சாலை முடிவில், ஏறக்குறைய 10,000 அடியில், ஒரு முகாம் இருக்கிறது. அங்கே தங்க ஆசைதான், ஆனால் அம்மாவுக்கு அந்த உயரத்தில் ராத்திரி மூச்சு வாங்கினால் என்ன செய்வது? கீழ் லேமன் கிரீக் முகாமில் படுத்துவிட்டு, விடிந்ததும் மேலே ஏறி, மரங்கள் வரை போய்வர 2.8 மைல் நடைக்கு முழு நாளும் ஒதுக்கிவிட்டோம்.

மோனோ ஏரியில் ஒரு ராத்திரியா இரண்டா என்பது மட்டும் பாக்கி. தண்ணீரிலிருந்து எழும் சுண்ணாம்புத் தூண்களை விடியற்காலையில் ஒரு தடவை, அந்திவெயிலில் ஒரு தடவை பார்க்கணும் என்கிறாள் மனைவி. இரண்டு என்றே போட்டுவிடப் போகிறேன்.