டேங்க் டிசைன் தேர்வில் அந்த 6 மி.மீ. என்னைக் கவிழ்த்த கதை

எண்ணெய் சேமிக்கும் எஃகு டேங்குகளை வடிவமைக்கும் தரநிலை ஏபிஐ 650. அதன் பயிற்சியின் கடைசி நாள், மென்பொருளில் செய்யும் தேர்வில் எனக்கு வந்த டேங்க் 30 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம், உள்ளே 0.85 ஒப்படர்த்தி உள்ள எண்ணெய், ஏ36 என்ற வகை எஃகுத் தகடு. கரோஷன் அலவன்ஸ், அதாவது துரு தின்பதற்கென்று கூடுதலாக விடும் தடிமன், ஷெல்லுக்கு (சுற்றுச்சுவருக்கு) 2 மி.மீ., அடித்தகட்டுக்கு 3 மி.மீ. ஷெல் கணக்கு சமர்த்தாக வந்துவிட்டது. பாட்டம் பிளேட் (அடித்தகடு) பெட்டியில் 6 என்று அடித்தேன், குறைந்தபட்சம் 6 என்பது மனப்பாடம் ஆயிற்றே. ரிப்போர்ட்டில் சிவப்பு. பதற்றத்தில் அடியின் கரோஷன் அலவன்ஸை 0 ஆக்கினேன், பச்சையாகிவிட்டது, கொடுத்துவிட்டு எழுந்தேன்.

தேர்வாளர் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, துருவுக்கு விட்ட 3 மி.மீ. எங்க போச்சு?"

அந்த 6 என்பது துரு தின்ற பிறகும் மிஞ்ச வேண்டிய தடிமன். ஆக 6 கூட்டல் 3, குறைந்தது 9. மென்பொருளின் பெட்டி வாங்கும் தகட்டின் தடிமனைக் கேட்கிறதா, அரித்த பின் உள்ளதைக் கேட்கிறதா என்று ஹெல்ப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் போதும், நான் பார்க்கவில்லை.

இன்னொரு குழப்பமும் எனக்கு இருந்தது, படிக்கும் பலருக்கும் இருக்கும். 12 மீட்டர் திரவம் தலைமேல் நிற்கிறதே, அந்த அழுத்தத்தை வைத்துத்தானே அடித்தகட்டின் தடிமன் வரவேண்டும்? வராது. தகடு அஸ்திவாரத்தின் மேல் படுத்துக் கிடக்கிறது, சுமை நேராகக் கீழே இறங்கிவிடுகிறது, நடுப்பகுதியில் தகட்டின் வேலை கசியாமல் மூடுவதுதான். நம்பிக்கை வராவிட்டால் நிலநடுக்கக் கணக்கை அணைத்துவிட்டு, இதே ஏ36 டேங்கில் திரவ உயரத்தை 12-இலிருந்து 6 ஆக்கி ஓட்டிப் பாருங்கள், ஷெல் மெலியும், அடியின் குறைந்தபட்சம் அசையாது.

சிக்கல் எல்லாம் ஷெல் உட்காரும் ஓரத்தில்தான். திரவம் நிறையும்போது ஷெல்லின் அடிப்பாகம் லேசாகத் திரும்ப, ஒட்டியிருக்கும் தகடு வளைகிறது. அதற்குத்தான் அன்னுலர் பிளேட்டும் (ஷெல்லுக்கு அடியில் வளையமாக வரும் ஓரத் தகடு) தரநிலையில் அதற்கான அட்டவணையும், முதல் ஷெல் வரிசையின் (சுவரின் மிகக் கீழ் வரிசையின்) தடிமனும் அதில் வரும் தகைவும் (ஸ்ட்ரெஸ்) சேர்ந்து அங்கே தடிமனைச் சொல்லும். என் டேங்கில் முதல் வரிசை 12 மி.மீ. தகடு. கையால் போட்டால், தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் ஹைட்ரோ டெஸ்டில் தகைவு சுமார் 143, எண்ணெய் நிறைந்தபோது, துருவின் 2 மி.மீ. கழித்து, சுமார் 146 மெகாபாஸ்கல். அட்டவணையின் முதல் நெடுவரிசையே 190 வரை போகும், அதனால் அங்கும் 6தான். ஏ573 கிரேடு 70 மாதிரி வலுவான எஃகுக்குப் போனால் தகைவை ஏற்ற முடியும், அப்போதுதான் அட்டவணை கடிக்கத் தொடங்கும். அங்கே கிடைப்பதோடும் அலவன்ஸைத் தனியாகக் கூட்ட வேண்டும், மறக்காதீர்கள்.

நிலநடுக்கம் சேர்ந்தால் கதை மாறும். ஷெல் ஓரம் தூக்கப் பார்க்கும்போது அதை அழுத்திப் பிடிக்கக் கணக்கில் வரும் திரவ எடை, ஓரத் தகட்டின் தடிமனுக்கு நேர் விகிதம், ஓர் உச்சவரம்பு வரை. அரித்த பின் உள்ள தடிமனைத்தான் அங்கேயும் போட வேண்டும். முழுத் தடிமனைப் போட்டுவிட்டு, டேங்கை அஸ்திவாரத்தோடு பிடிக்கும் ஆங்கர் போல்ட் வேண்டாம் என்று எழுதிய ஒரு விடைத்தாளைப் பயிற்சியிலேயே பார்த்தேன். (என்னுடையது அல்ல, நல்லவேளை.)

சிவப்பு வந்தால் எந்த எண்ணைத் தொட்டால் பச்சையாகும் என்று தேடுவது கெட்ட பழக்கம், அதுவும் கேள்வியில் கொடுத்த எண்ணைத் தொடுவது. எனக்கு இப்போதெல்லாம் மென்பொருளைத் திறக்கும் முன்பே ஒரு காகிதத்தில் நான்கு வரி கணக்கு இருக்கும், இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் முதல் சந்தேகம் நான் அடித்த எண் மேல்தான்.

மறுதேர்வில் 10 என்று அடித்தேன். அதே ஆள்தான். "9 போதுமே, ஏன் 10?"

"சார், 9-க்கு அலையணும், 10 கடையில கிடைக்கும்."

தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.