ஆடின காலும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

காசோலை திரும்பி வந்தபோதுதான் விஷயம் முற்றிவிட்டது தெரிந்தது. கையெழுத்து பொருந்தவில்லையாம். வங்கி ஊழியர் சொன்னபடி, அன்றைக்கு வந்த கோணல் கையெழுத்தையே புதிய மாதிரியாகப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்பே வலது கை விரல்கள் இல்லாத வீணையை மீட்டத் தொடங்கியிருந்தன. உட்கார்ந்தால் கால் ஆடும். "காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது" என்று அம்மா அதட்டுவார். காலை அடக்கினால் தோள் துள்ளும். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது" என்று மாமா சிரித்தார். தூங்கினால் எல்லாம் அடங்கிவிடுகிறது என்று மனைவிதான் கவனித்துச் சொன்னாள்.

நரம்பு மருத்துவர் 'கொரியா' என்றார். அந்த நாட்டிலிருந்து வந்த நோயா என்று கேட்டார் அப்பா. நடனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாம். தலைக்கு எம்.ஆர்.ஐ., ரத்தத்தில் தாமிர அளவு, எதிலும் குறை இல்லை. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் முதலில் நாடியைப் பிடித்தார்: 118. கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். அது அரசிலை போலப் படபடத்தது. "நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறீர்களா?" ஏழு கிலோ குறைந்திருந்தேன், நடைப்பயிற்சியின் பலன் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டிருந்தேன்.

சில நூறு ரூபாய்ப் பரிசோதனையில், தைராய்டைச் சுரக்கத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோன் 0.01-க்கும் கீழே, கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கிரேவ்ஸ் நோய், தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதில் கை நடுக்கம் சகஜம், கொரியா அபூர்வம். ஸ்கேனுக்கு முன்பே யாராவது நாடியைப் பிடித்திருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆஸ்துமா உண்டா என்று கேட்ட பிறகே புரோப்ரனலால் எழுதினார். படபடப்பு சில நாட்களில் தணிந்தது. தைராய்டு சுரப்பைக் கட்டுப்படுத்தும் கார்பிமசோல் 30 மில்லிகிராம் மெதுவாகத்தான் வேலை செய்தது; ஏற்கெனவே சுரந்து சேர்ந்திருப்பது தீர வேண்டுமே. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் கார்பிமசோலை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும் என்று சீட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் தொண்டை வலித்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்கு ஓடினேன். வெறும் சளி.

ஆறாவது வாரம் தைராய்டு ஹார்மோனான டி4 சீரானது. விரல்கள் மடியில் சும்மா கிடந்தன. டி.எஸ்.எச். மட்டும் அசையவே இல்லை, பயந்துபோனேன். டி.எஸ்.எச்.-ஐச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி மாதக்கணக்கில் தூங்கிவிட்டது, எழுந்திருக்க நாளாகும் என்றார் மருத்துவர். நான்காம் மாதம் எழுந்தது.

போன வாரம் மறுபடியும் ஒரு காசோலை திரும்பி வந்தது. என் பழைய, நேரான கையெழுத்து வங்கியில் இருக்கும் கோணல் மாதிரியோடு பொருந்தவில்லையாம்.